காவிரிச் சரணாலயங்களின் காவல் பணியிடங்களைக் காப்பாற்றும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் ஆள் குறைக்கப்படும்போது, குறைக்கிறோம் என்று அறிவிக்கும் அரசாணை பெரும்பாலும் வருவதில்லை. ஓய்வு பெற்ற வனக்காப்பாளரின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். அந்தக் காவல் சுற்று, அதாவது ஒரு வனக்காப்பாளர் காக்க வேண்டிய காட்டுப் பகுதி, பக்கத்துச் சுற்றுக்காரருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கப்படும். வேறொருவர் மாற்றுப்பணியில் மாவட்ட வன அலுவலரின் கோட்ட அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டுக் கணினி முன் உட்கார்ந்திருப்பார். தற்காலிகப் பணியாளர்களான வேட்டைத் தடுப்புக் காவலர்களின் ஊதியம் மாதக்கணக்கில் தாமதமாகும், பிறகு அவர்களே வெளிமுகமைக்கு, அதாவது ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்துக்கு, மாற்றப்படுவார்கள். இவற்றில் எதுவும் தனித்துப் பார்த்தால் செய்தியாகாது. எனவே சரணாலயத்தைக் காக்க விரும்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நடப்பது எந்த வகைக் குறைப்பு என்பதைக் கண்டுபிடிப்பதாகும். வகை தெரியாமல் எழுதப்படும் மனுவுக்கு ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் கிடைக்காது.

பரப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் இதன் கனம் புரியும். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 504.33 சதுர கிலோமீட்டர். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி வனச்சரகங்களின் காப்புக்காடுகளைக் கொண்டு 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயம் 686.40 சதுர கிலோமீட்டர் கொண்டது. இது தமிழ்நாட்டின் 17-ஆவது வன உயிரினச் சரணாலயம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர். ஒருபுறம் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயமும் மறுபுறம் பன்னேர்கட்டா தேசியப் பூங்காவும் இந்தக் காடுகளோடு தொடர்ந்திருப்பதால், யானைக் கூட்டங்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல. சாம்பல் நிற மலை அணில், ஆற்று நீர்நாய், சதுப்புநில முதலை, காவிரியின் மென்னோட்டு ஆமை என்று இங்குள்ள உயிர்களில் பல ஆற்றங்கரை மரவரிசையை நம்பியவை. அந்தக் கரையை வண்டியில் சென்று பார்த்துவிட முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும். பணியிடம் குறைந்தால் முதலில் நின்றுபோவது அந்த நடைதான். சரணாலயமாக அறிவிப்பதற்கு ஓர் அறிவிக்கை போதும்; அறிவித்ததோடு பணியிடங்களும் தாமாக உயரும் என்று எண்ணிக்கொண்டிருப்பதே நம்மவர்கள் பலருக்கும் உள்ள பெரிய மயக்கம்.

கணக்கை எழுத்தில் வாங்குங்கள்

தேநீர்க் கடையில் கேட்ட எண்ணிக்கையை வைத்து எவரோடும் வாதாட முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் விண்ணப்பித்து, கோட்டத்தின் கணக்கை அவர்கள் கையெழுத்தோடு வாங்க வேண்டும். 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிய வெள்ளைத்தாள் விண்ணப்பமே போதுமானது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை. சங்கத்தின் பெயரில் எழுதாமல் தனிநபர் பெயரில் எழுதுங்கள். இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது என்பதால், அமைப்பின் பெயரில் வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப அது ஒரு சாக்காகிவிடும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தின் 6(2) பிரிவின்படி இல்லை. ஆகவே சொல்லாமல் விடுவதே நல்லது.

எதைக் கேட்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ‘எத்தனை காலியிடங்கள் உள்ளன?’ என்று கேட்டால் கோட்டம் முழுவதற்கும் ஒரு மொத்த எண் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு வனச்சரகத்துக்கும், அதற்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் காவல் சுற்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். விண்ணப்பத்தில் இப்படி எழுதலாம்: “அஞ்செட்டி வனச்சரகத்தில் வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் ஆகிய பதவிகளுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பணியில் உள்ளோர், காலிப்பணியிடங்கள் ஆகியவற்றைக் காவல் சுற்று வாரியாகவும், ஒவ்வொரு காலியிடமும் எந்த நாளிலிருந்து காலியாக உள்ளது என்பதையும், அந்தச் சுற்றின் கூடுதல் பொறுப்பு யாருடைய பதவிக்கு வழங்கப்பட்டுள்ளது என்பதையும், மாற்றுப்பணியில் பிற அலுவலகங்களுக்கு அனுப்பப்பட்டோரின் எண்ணிக்கையையும், அதற்கான ஆணைகளின் நகல்களையும் வழங்கக் கோருகிறேன்.” இதையே கடந்த 5 ஆண்டுகளின் ஏப்ரல் முதல் நாள் நிலவரமாகக் கேட்டால், குறைப்பு எந்த ஆண்டில் தொடங்கியது என்பது தானே தெரிந்துவிடும். வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் பற்றித் தனி விண்ணப்பம் போடுவது நல்லது: எத்தனை பேர், எந்தத் திட்ட நிதியிலிருந்து ஊதியம், ஒவ்வொரு மாத ஊதியமும் வழங்கப்பட்ட தேதி, வருங்கால வைப்பு நிதி செலுத்தப்பட்ட விவரம், வெளிமுகமை இருந்தால் அதன் ஒப்பந்த நகல். நிரந்தரப் பணியாளர் கணக்கையும் இதையும் ஒரே தாளில் கேட்டால், இரண்டு பிரிவு எழுத்தர்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே நாளைக் கடத்துவார்கள்.

ரோந்து செல்லும் பாதை, ரோந்து நேரம், தானியங்கிக் கேமரா வைத்திருக்கும் இடம், வேட்டைத் தடுப்பு முகாம்களின் சரியான அமைவிடம் ஆகியவற்றைக் கேட்கவே கூடாது. கேட்டால் மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மறுக்காமல் கொடுத்துவிட்டாலோ, உங்கள் வீட்டுக் கோப்பில் இருக்கும் அந்தத் தாள் வேட்டைக்காரர் கையில் கிடைத்த வரைபடத்துக்குச் சமம்.

பதில் 30 நாளில் வர வேண்டும். விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டால் அதற்கு 5 நாள் கூடும். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும் அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். ஆணையம் வரை போனால் மாதங்கள் பல ஓடிவிடும் என்பதால், முதல் மேல்முறையீட்டைக் கறாராக எழுதுவதுதான் பயன் தரும். அதே சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, அலுவலர்கள், பணியாளர்களின் பட்டியலையும் மாத ஊதியத்தையும் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. மேல்முறையீட்டில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டால், ‘இது தனிப்பட்ட தகவல்’ என்ற மறுப்பை எதிர்த்து வாதிட இடம் கிடைக்கும். மாநில அளவிலான எண்ணிக்கைக்கு, சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் வனத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள்.

காலியிடத்தை விளைவோடு இணையுங்கள், ஆனால் அளந்து

வெறும் காலியிடப் பட்டியலைப் பார்த்து யாரும் அசைவதில்லை, ஏனென்றால் எல்லாத் துறைகளிலும் காலியிடங்கள் உள்ளன. அந்தச் சுற்றில் என்னென்ன வேலை நடக்கவில்லை என்பதைப் பக்கத்தில் வைக்க வேண்டும். பிப்ரவரிக்கு முன் வெட்டியிருக்க வேண்டிய தீத்தடுப்புக் கோடு எத்தனை கிலோமீட்டர் வெட்டப்பட்டது, கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் எந்தெந்த நாளில் நிரப்பப்பட்டன, பயிர்ச்சேதத்தைப் பார்வையிட்டு அறிக்கை எழுத எத்தனை நாள் ஆயிற்று, வன உயிரினக் குற்ற வழக்குகளில் எத்தனை இன்னும் நீதிமன்றத்துக்கே போகவில்லை, மின்வாரியத்தோடு கூட்டாக மின்வேலித் தணிக்கை எத்தனை முறை நடந்தது ஆகிய அனைத்தும் கேட்டுப் பெறக்கூடிய விவரங்கள். இவற்றில் பயிர்ச்சேத அறிக்கைக்கு ஆகும் நாட்கள் தான் மிகக் கூர்மையான அளவுகோல் என்பது என் எண்ணம். அதை உழவர்களே தங்கள் மனு நகலையும் வந்து பார்த்த தேதியையும் வைத்துச் சரிபார்த்துவிட முடியும், துறையும் மறுக்க முடியாது.

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. உடனிருந்த 2 குட்டிகள் தப்பின. 2025 மார்ச்சில் ஏரியூர்ப் பகுதியில் ஆண் யானை ஒன்று தந்தத்துக்காகக் கொல்லப்பட்டு, எரிக்கப்பட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்படி ஒன்று நடந்த மறுநாளே ‘ஆள் இல்லாததால்தான் நடந்தது’ என்று எழுதிவிடும் ஆசை எழும். குறிப்பிட்ட அந்தச் சுற்று அந்த நாளில் காலியாக இருந்தது என்பதற்குத் தாள் கையில் இல்லாவிட்டால் எழுதாதீர்கள். ஒரே ஒரு தவறான இணைப்பு போதும், உங்கள் மற்ற கணக்கு முழுவதையும் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள். அதோடு, இரவெல்லாம் விழித்திருந்த ஏதோ ஒரு வனக்காப்பாளர் மீது விளக்கம் கேட்டுக் குறிப்பாணை பாய்வதற்கும் நீங்களே வழி செய்தவராவீர்கள்.

உழவர்கள் பக்கம் நில்லாமல் இது நடக்காது

கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை தொடங்கி மாசி வரை, பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் வந்து தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று நகர்வது ஆண்டுதோறும் நடப்பது. அந்த மாதங்களில் யானை விரட்டும் குழுவுக்காகச் சரகத்தின் ஆட்கள் எல்லோரும் காட்டை விட்டு வயல்வெளிக்கு வந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில் காட்டுக்குள் கண்காணிப்பு குறைகிறது. ஆக, ஆள் குறைவினால் நேரடியாக அடிபடுகிறவர் பரண் மேல் இரவு முழுவதும் தகரம் தட்டிக்கொண்டிருக்கும் உழவர். ‘காட்டிலாகா’ மீது மிகுந்த கோபம் கொண்டவரும் அவரே. சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஓசூரில் கூடிப் போடும் தீர்மானத்தைவிட, அந்த உழவர் மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து, ‘எங்கள் சுற்றுக்கு வனக்காப்பாளர் இல்லாமல் இத்தனை மாதமாகிறது, எப்போது போடுவீர்கள்?’ என்று கேட்பது பத்து மடங்கு வேலை செய்யும். அந்தக் கூட்டத்தில் வனத்துறை அலுவலர் ஆட்சியர் முன்னிலையில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அடுத்த மாதம் அதைக் காட்டித் தொடர்ந்து கேட்கலாம்.

காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் வாழும் பழங்குடி ஊர்களில் பேச்சு வேறு மாதிரி இருக்கும், இருக்கவும் வேண்டும். ‘இன்னும் ஆள் போட்டால் எங்கள் மாட்டைத் துரத்துவார்கள், தேன் எடுக்க விடமாட்டார்கள்’ என்ற அச்சம் காரணமில்லாத அச்சம் அல்ல. அந்த அச்சத்தை மூடி மறைத்துக் கையெழுத்து வாங்குவது நேர்மையும் இல்லை, நிலைக்கவும் நிலைக்காது. வன உரிமைச் சட்டம், 2006 கொடுத்துள்ள உரிமைகள் எந்தப் பேரத்திலும் இடம்பெறாது என்பதை மனுவிலேயே எழுதுங்கள். அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவு, காட்டையும் வன உயிரினங்களையும் பாதுகாக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தருகிறது என்பதையும் நினைவூட்டுங்கள். வனக்காவலர் பதவியில் பழங்குடி இளைஞர்களுக்கென்று தனிப் பணியிடங்கள் இருப்பதால், காலியிடத்தை நிரப்பு என்ற கோரிக்கை அந்த ஊர்களில் ‘எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடு’ என்ற கோரிக்கையாகவும் அமையும்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கூடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்திலும், ஊர் மக்கள் கோரிக்கையை முன்வைத்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். தீர்மானத்தில் ஒரே ஒரு கேட்பு இருக்கட்டும். சாலை, தண்ணீர்த் தொட்டி, யானை அகழி, வனக்காப்பாளர் என்று எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் கட்டினால் அது எந்த மேசையிலும் தங்காது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், உரிகம், பெட்டமுகிலாளம் போன்ற காட்டோர ஊராட்சிகள் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி, நகல்களை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் அதன் எடை தனி.

எந்த மேசைக்கு, எந்த மாதத்தில்

மாவட்ட வன அலுவலரால் புதிய பணியிடத்தை உருவாக்க முடியாது. ஆனால் மாற்றுப்பணியில் அனுப்பியவரைத் திரும்பச் சுற்றுக்கு அனுப்ப முடியும். ஆகவே அவரிடம் அதை மட்டும் கேளுங்கள். காலியிடம் நிரப்புதல் சென்னையில் உள்ள துறைத் தலைமையின் வேலை. அங்கிருந்து காலியிட மதிப்பீடு போனால்தான் அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கையில் சேர்க்கும். வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024-இலிருந்து தொகுதி 4 தேர்வில் சேர்க்கப்பட்டுள்ளன. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பதவிகளோடு ஒரே தேர்வாக அது நடப்பதால், மதிப்பீடு ஒருமுறை தவறினால் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டியதுதான். சரணாலயம் அறிவிக்கப்பட்ட பின் பணியிடங்களை உயர்த்தக் கேட்பதோ நிதித்துறையின் ஒப்புதல் இன்றி நடக்காத காரியம். மாநில நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படுகிறது; அதற்கான துறை முன்மொழிவுகள் முந்தைய ஆண்டின் இறுதிக்குள் தயாராகிவிடும். எனவே ஆகஸ்டு 15 கிராம சபைத் தீர்மானம் செப்டம்பரில் சென்னைக்குப் போய்ச் சேர்வதே சரியான காலம். மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கியபின் மனு கொடுப்பது, அறுவடை முடிந்த வயலுக்கு மடை திறப்பது போன்றது.

சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது அவருக்குச் சட்டப்படியே உள்ள ஓர் இடத்தை நினைவூட்டுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 33ஆ பிரிவு, சரணாலயத்துக்கு ஆலோசனைக் குழு அமைக்கச் சொல்கிறது. சரணாலயம் அமைந்துள்ள தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சி அமைப்புகளின் 3 பிரதிநிதிகள், தொண்டு நிறுவனங்களின் 2 பிரதிநிதிகள், வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபடும் 3 தனிநபர்கள் முதலானோர் அதன் உறுப்பினர்கள். தளி, பென்னாகரம் தொகுதிகளின் உறுப்பினர்களிடம், அந்தக் குழு அமைக்கப்பட்டுள்ளதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். குழு இல்லையென்றால் அதை அமைக்கச் சொல்வதும், இருந்தால் பணியாளர் நிலையை அதன் முதல் பொருளாக வைக்கச் சொல்வதும் எளிதில் மறுக்க முடியாத கோரிக்கைகள். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொல்வதானால், கேள்வியை நீங்களே ஒரு வரியில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

முதல்வரின் முகவரித் துறைக்கு மனு போடுவதில் தவறில்லை. ஆனால் அது சுற்றிச் சுழன்று அதே கோட்ட அலுவலகத்துக்கே வரும்.

தற்காலிகக் காவலர்கள்

நிரந்தரப் பணியிடம் காலியாக இருக்கும் சுற்றுகளில் உண்மையில் காட்டைக் காப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களே. பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களான அவர்கள், எந்தப் பள்ளத்தில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதையெல்லாம் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள். வெளிமுகமைக்கு மாற்றினால் இவர்களில் அனுபவம் மிக்கோர் முதலில் விலகுகிறார்கள். அந்த அறிவை எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் திரும்பப் பெற முடியாது. காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுப்பவர்கள் ஈடாகச் செலுத்தும் காடு வளர்ப்பு ஈட்டு நிதியிலிருந்து ஊதியம் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த நிதியின் விதிகள் நிரந்தரப் பணியாளர்களின் ஊதியத்துக்கு அதைச் செலவிட அனுமதிப்பதில்லை, எனவே அது நிரந்தரப் பணியிடத்துக்கு மாற்றாகாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு வேலை வாங்கும் துறைக்கு உண்டு என்பதையும், வைப்பு நிதிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்பதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது உடனே செய்யக்கூடிய உதவி.

அவர்களையோ, பணியில் உள்ள வனக்காப்பாளர்களையோ உங்கள் மனுவில் கையெழுத்திடச் சொல்லாதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் நிரந்தரப் பணியாளரின் வாயைக் கட்டியிருக்கின்றன. தற்காலிகப் பணியாளருக்கு விதியே தேவையில்லை, நாளையிலிருந்து வராதே என்றால் முடிந்தது. அவர்கள் சொன்ன செய்தியை அப்படியே எழுதாமல், அது எந்தத் தாளில் இருக்கும் என்று கண்டறிந்து அந்தத் தாளைக் கேளுங்கள். அவர்களுக்காகப் பேச வேண்டியவை சங்கங்கள்.

தன்னார்வலர்களைப் பற்றியும் ஒரு சொல். கணக்கெடுப்புக்கும் நெகிழி அகற்றவும் போவது நல்லதுதான். ஆனால் இரவு ரோந்து, தீயணைப்பு, யானை விரட்டுதல் ஆகிய வேலைகளில் ஆள் இல்லாத குறையை நிரப்பப் போகாதீர்கள். முதலாவது, அது உயிருக்கு ஆபத்து, காயம்பட்டால் ஈடு கேட்கவும் இடமில்லை. அடுத்தது, ‘ஆள் இல்லாமலே வேலை நடக்கிறதே’ என்று நிதித்துறைக் கோப்பில் எழுதுவதற்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

நீதிமன்றம்

எல்லாம் செய்தும் நடக்காவிட்டால் வழக்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று முதலில் தோன்றும். ஆனால் அது விசாரிக்கக்கூடிய சட்டங்களைப் பட்டியலிடும், தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. எனவே சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின்கீழ் பொதுநல மனுவே வழி. பணி நியமனம், பணி வரன்முறை போன்றவற்றைப் பொதுநல வழக்காக நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், ‘இன்னாரை நியமியுங்கள்’ என்று கேட்கும் மனு வாசலிலேயே நின்றுவிடும். அறிவிக்கப்பட்ட சரணாலயத்தை நிர்வகிக்கும் சட்டக் கடமை, காட்டையும் வன உயிரினங்களையும் காக்க அரசு முயல வேண்டும் என்னும் அரசமைப்பின் 48அ உறுப்பு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை நிரப்பக் கால அட்டவணை வகுக்க உத்தரவு என்ற வரிசையில் மனுவை அமைப்பது குறித்து வழக்கறிஞரிடம் பேசுங்கள். அதற்கு முன்பே தகவல் உரிமைப் பதில்கள், தீர்மானங்கள், பதில் வராத மனுக்களின் அஞ்சல் ஒப்புகை அட்டைகள் ஆகியவை தேதி வரிசையில் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு இல்லாத வழக்கு, ‘மனுதாரர் முதலில் அரசை அணுகட்டும்’ என்ற ஆணையோடு திரும்பி வரும்.

ஆட்கள் வந்துவிட்டார்கள் என்றாலும் வேலை முடிவதில்லை. புதிதாக வந்தவர்கள் பயிற்சி முடிந்ததும் சுற்றுக்குப் போனார்களா, ஓசூரிலோ தருமபுரியிலோ அலுவலகத்தில் தங்கிவிட்டார்களா என்பதை 6 மாதம் கழித்து முதல் விண்ணப்பத்தின் அதே வாசகத்தில் மீண்டும் கேளுங்கள். உரிகம் போன்ற இடங்களில் குடியிருக்கத் தக்க வனக்காப்பாளர் குடியிருப்பு இருக்கிறதா, அதில் மின்சாரமும் தண்ணீரும் உண்டா என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். குடியிருப்பு இல்லாத சுற்றில் போடப்பட்டவர் ஓராண்டுக்குள் இடமாறுதல் வாங்கிவிடுவார்.